கடலிலிருந்து மலையேறும் பழைய போட் மோட்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மலையகத்தில் கைமாறும், படகின் பின்பலகையில் மாட்டும் பழைய போட் மோட்டர்களில் பெரும்பாலானவை கடலில் உழைத்துவிட்டு வந்தவை. நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டி, மன்னார் என்று ஏதோ ஒரு கரையில் மீன்பிடிப் படகில் வருடக்கணக்கில் ஓடி, இரண்டு மூன்று கை மாறி, ஹட்டன், மஸ்கெலியா, தெல்தெனிய பக்கம் வந்து சேர்கின்றன. இனி ஓடப்போவது காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நல்ல தண்ணீரில்தான் என்றாலும், உப்பு தன் வேலையை ஏற்கெனவே முடித்திருக்கலாம். இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல்மட்டத்துக்கு அளவெடுத்துச் செய்த காபரேட்டர் 1,100 மீற்றரில் அதே மாதிரி நடந்துகொள்ளாது. மற்றக் கோளாறுகள் எந்த ஊரிலும் உள்ளவைதான். இந்த இரண்டும்தான் மலைநாட்டுக்காரரை ஏமாற்றுகின்றன.

கீழே சொல்வதெல்லாம் 5 முதல் 40 குதிரைவலு வரையான, பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டர்களுக்கானது. இங்கே கிடைக்கும் பழைய யமஹா, சுசுகி, ஜோன்சன், எவின்ரூட் எல்லாம் இந்த வகைக்குள் வந்துவிடும்.

புறப்படும் முன்

இஞ்சினைத் தேடும் முன் இரண்டு விஷயங்களை முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் நீர்த்தேக்கத்தில் இஞ்சின் படகு விடலாமா என்பது. காசல்ரீ, மவுசாக்கலை என்றால் மின்சார சபை, விக்டோரியா, ரந்தெனிகல, கொத்மலை என்றால் மகாவலி அதிகார சபை. வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள். மற்றது, படகின் பின்பலகை உயரம். பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிமட்டம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 15 அங்குலம் அளவில் இருந்தால் குட்டைக்கால் மோட்டர், 20 அங்குலம் என்றால் நெட்டைக்கால். கால் என்பது தண்ணீருக்குள் இறங்கும் மோட்டரின் கீழ்ப்பகுதி. புரொபெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். கால் நீளம் பொருந்தாத மோட்டரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவைக் காட்டும் கருவி), 21 மில்லிமீற்றர் பிளக் சாவி, தீப்பொறி பார்க்கும் டெஸ்டர், அகலமான தட்டை ஸ்க்ரூ டிரைவர், சிறிய காந்தம், டோர்ச், வெள்ளைக் கோப்பை ஒன்று, பழைய துணி. எரிபொருளையும் நீங்களே கலந்து கொண்டுபோங்கள். 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ஒயில் என்றால் 50க்கு 1. ஒயில் போத்தலில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும். முச்சக்கர வண்டிக்கு ஊற்றும் 2டி ஒயில் காற்றில் குளிரும் இஞ்சினுக்கானது, தண்ணீரில் குளிரும் இஞ்சினில் அது பிஸ்டனிலும் ரிங்கிலும் படிவு கட்டும். 1964க்கு முந்திய ஜோன்சன், எவின்ரூட் மோட்டர்களுக்கு 24க்கு 1 கலவை வேண்டும், அதற்கு ஒயிலை இரட்டிப்பாக்குங்கள்.

விற்பவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். போனதும் முதல் வேலையாக மூடியைத் திறந்து சிலிண்டர் ஹெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத மோட்டரை உங்களுக்காகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அது ஆறும்வரை தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள்.

பெயர்த்தகடும் தொடர் இலக்கமும்

படகில் மாட்டும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் மாடலும் தொடர் இலக்கமும் உள்ள தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். பிய்த்திருந்தால், சுரண்டியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கரையோரங்களில் போட் மோட்டர் களவு போவது புதிதல்ல. பழைய ஜோன்சன், எவின்ரூட் என்றால் இஞ்சின் பிளொக்கில் பதித்த வட்டமான சிறு தகட்டிலும் அதே இலக்கம் அடித்திருப்பார்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஒரு மோட்டரின் தலையை இன்னொன்றின் காலில் ஏற்றியிருக்கிறார்கள்.

இலக்கத்தை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால், உதிரிப்பாகம் அதை வைத்துத்தான் கிடைக்கும். யமஹா எண்டியூரோ 15, 25, 40 வகைகளுக்கு நீர்கொழும்பில் பாகம் தேடுவது கஷ்டமில்லை. ஐம்பதுகளின், அறுபதுகளின் அமெரிக்க மோட்டர் அழகாக இருக்கும், ஆனால் அதன் இக்னிஷன் கொயிலுக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டிவரும். ஓட்டுவதற்கு வாங்குகிறீர்களா, வைத்துப் பார்ப்பதற்கு வாங்குகிறீர்களா என்பதை இந்த இடத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

யமஹாவிலும் சுசுகியிலும் மாடல் பெயரில் 'கே' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பெரும்பாலும் அது மண்ணெண்ணெய் மோட்டர். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

உப்பின் தடயம்

புதுப் பெயின்ட் அடித்த பழைய மோட்டரைச் சந்தேகத்தோடு பாருங்கள். பெயின்ட் ரப்பர் குழாய்களிலும் வயர்களிலும் தெறித்திருந்தால் எதையும் கழற்றாமல் மேலோட்டமாக அடித்திருக்கிறார்கள். பெயின்டுக்குக் கீழே கொப்புளம் கட்டியிருந்தால் உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாகிக்கொண்டிருக்கிறது. அடுத்து, காலின் அடிப்பக்கத்தில் இருக்கும் நாகக் கட்டியைத் தேடுங்கள். கடல் தண்ணீரில் மோட்டரின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்த துண்டு அது. முற்றாகக் கரைந்து போயிருந்தாலோ, அதன்மேலும் பெயின்ட் அடித்திருந்தாலோ அரிப்பு மோட்டரின் உடம்புக்கு மாறியிருக்கும்.

மூடிக்குள்ளே ஹெட் போல்ட்களையும் தேர்மோஸ்டாட் மூடியின் ஓரத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பூ பூத்திருந்தால் குளிரூட்டும் தண்ணீர்ப் பாதையிலிருந்து உப்பு கசிகிறது. போல்ட் மூலைகள் மழுங்கி, பெயின்ட் உடைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே ஹெட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். கெஸ்கட் மாற்றியது பரவாயில்லை. பதில் மழுப்பலாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

முடிந்தால் கீழ்க்காலைப் பிடித்திருக்கும் போல்ட்களில் ஒன்றை விற்பவரையே இளக்கிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர்ச் சக்கரமான இம்பெலரை மாற்ற அந்தக் காலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உப்பில் ஊறிய மோட்டரில் போல்ட் முறியும். அது முறியாவிட்டாலும், செங்குத்து ஷாப்டின் பற்கள் மேலே கிராங்க் ஷாப்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு கால் இறங்காமல் நிற்கும். சில நூறு ரூபாய் ரப்பருக்காக இரண்டு நாள் வேலை என்பது அப்படித்தான் வருகிறது. "இம்பெலர் போன வருஷம்தான் மாத்தினது" என்று சொல்பவர் போல்ட்டை இளக்கத் தயங்கினால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

கால், புரொபெல்லர், கியர் ஒயில்

மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் தண்ணீர் வற்றும்போது அடியில் இருப்பதெல்லாம் மேலே வருகிறது. மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில்களும் சுவர்களும், கொத்மலையில் கடதொர விகாரையும் வெளியே தெரிவதை எல்லாரும் அறிவார்கள். அரை அடி தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மரக்கட்டையும் கற்சுவரும்தான் ஆபத்து. ஆகவே உள்ளூரிலேயே ஓடிய மோட்டர் என்றால் உப்பை விட அடிபட்டதைத் தேடுங்கள்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்கியரில் போட்டு, கயிற்றை மெதுவாக இழுக்கும்போது புரொபெல்லர் ஷாப்டின் நுனியைக் கவனியுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டால் ஷாப்ட் வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். வளைந்த ஷாப்ட், தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் சீல்களைச் சில மாதங்களிலேயே தின்றுவிடும். புரொபெல்லருக்குக் கீழே துருத்தும் துடுப்பு முறிந்து வெல்டிங் செய்திருந்தால் அது மட்டும் பெரிய குறையல்ல. கியர்ப் பெட்டியின் உடம்பிலேயே வெல்டிங் இருந்தால் விட்டுவிடுங்கள். புரொபெல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள், நரம்பு சீலுக்குள் ஏறினால் கத்திபோல் அறுக்கும்.

கியர் ஒயிலைப் பார்க்க மோட்டர் சில மணிநேரமாவது நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் அடியில் தங்கும். கோப்பையைப் பிடித்துக்கொண்டு கீழ் ஸ்க்ரூவை மட்டும் மெல்ல இளக்குங்கள், மேல் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டினாலோ, பால்தேநீர் நிறத்தில் ஒயில் வந்தாலோ சீல் போயிருக்கிறது. புரொபெல்லர் ஷாப்ட் சீல், கியர் கம்பியின் சீல், இந்த ஸ்க்ரூவின் வொஷர் போன்றவற்றில் எதுவாகவும் இருக்கலாம். வொஷர்தான் என்றால் அதிர்ஷ்டம். எத்தனை காலமாகத் தண்ணீர் உள்ளே இருந்தது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் நின்றுபோன மோட்டரில் பெயரிங் துருப்பிடிக்கும். வந்த ஒயிலில் காந்தத்தைத் தோய்த்துப் பாருங்கள். சாம்பல்நிறப் பசைபோல் ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் துணுக்குகள் வந்தால் கியர்ப் பல் உடைந்திருக்கிறது.

புத்தம்புது ஒயில் தேன்போல் வருகிறதா? விற்பதற்காக நேற்று மாற்றியிருக்கலாம். படகில் ஓட்டிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

கம்ப்ரெஷன்

முழுச் சோதனையிலும் விலையைத் தீர்மானிப்பது இதுதான். கேஜ் முச்சக்கர வண்டி திருத்தும் பாஸ் யாரிடமும் கிடைக்கும். போட் மோட்டரின் பிளக் துளையும் பொதுவாக அதே 14 மில்லிமீற்றர்தான். ஆனால் கேஜின் மரை நீளத்தைப் பாருங்கள். பழைய யமஹா, சுசுகியில் பிளக்கின் மரை அரை அங்குலம்தான் இருக்கும். 19 மில்லிமீற்றர் மரை உள்ள கேஜைப் பூட்டினால் மேலே வரும் பிஸ்டன் அதில் மோதலாம். கழற்றிய பிளக்கின் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். பிளக் வயர்களை இஞ்சின் உடம்பில் எர்த் பண்ணுங்கள், இல்லாவிட்டால் தீப்பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐ கெடலாம். த்ரொட்டிலை முழுதாகத் திறந்து வையுங்கள், மூடியிருந்தால் காற்று குறைந்து அளவு பொய்யாக வரும். கேஜைப் பூட்டுமுன் ஏழெட்டு முறை கயிற்றை இழுத்துவிடுங்கள். அளவு கூட்டிக் காட்டுவதற்காகச் சிலிண்டருக்குள் தடித்த ஒயிலை ஊற்றி வைப்பது பழைய தந்திரம், ஊற்றியிருந்தால் பிளக் துளை வழியாகத் தெறித்து வெளியே வரும். பிறகு கேஜைப் பூட்டி, முள் இனி ஏறாது என்கிறவரை ஒரே வேகத்தில் ஐந்தாறு முறை இழுங்கள்.

கடல்மட்டத்தில் ஆரோக்கியமான மோட்டர் பொதுவாக 100 முதல் 130 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். மலையில் அதே மோட்டர் குறைவாகத்தான் காட்டும், காற்றழுத்தமே குறைவு. கீழே 120 காட்டும் சிலிண்டர் காசல்ரீ உயரத்தில் ஏறக்குறைய 105, நுவரெலியாவின் 1,868 மீற்றரில் 95 அளவில் நிற்கும். இதைத் தெரியாமல் நல்ல மோட்டரைக் கழித்துவிடுபவர்களும் உண்டு. "நீர்கொழும்பில் 120 இருந்தது" என்ற கதையை ஹட்டனில் வந்த 105ஓடு ஒப்பிட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

உயரம் எல்லாச் சிலிண்டரையும் ஒரே மாதிரிக் குறைக்கும். ஆகவே எந்த ஊரிலும் நம்பக்கூடியது சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 15 பிஎஸ்ஐக்கு மேல் போனால் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது கார்பனில் ஒட்டியிருக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் கெஸ்கட், அல்லது பிஸ்டனிலேயே துளை. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து மிகக் குறைவாக இருந்து, நடுவில் கெஸ்கட் எரிந்திருப்பதும் உண்டு. அது மலிவான வேலைதான்.

கழற்றிய பிளக்குகளை எறிந்துவிடாமல் வரிசையாக வைத்துப் படியுங்கள். தேநீர்ச் சாயம்போன்ற பழுப்பு நல்லது. இரண்டும் கறுத்து ஈரமாக இருந்தால் கலவை தடிப்பு, அதாவது காற்றுக்குப் பெற்றோல் அதிகம், மலையில் இது அடிக்கடி காண்பது. ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி ஆவியாகிறது. வெள்ளைப் பீங்கானில் மணல்போல் சின்னஞ்சிறு வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம், அந்த மோட்டருக்கு அதிக நாள் இல்லை. பிளக் துளைக்குள் டோர்ச் அடித்து பிஸ்டன் தலையின் விளிம்பையும் பாருங்கள். கைபேசியில் மாட்டும் சிறிய கெமரா இருந்தால் சிலிண்டர்ச் சுவரில் நெடுக்குக் கீறல் இருக்கிறதா என்பதும் தெரியும். கீறலோடும் சில மோட்டர்கள் நல்ல கம்ப்ரெஷன் காட்டும்.

கடைசியாக ப்ளைவீலை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். பக்கவாட்டு ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் மேல் பெயரிங் தேய்ந்திருக்கிறது.

தீப்பொறி

டெஸ்டரைப் பூட்டிக் கயிற்றை இழுக்கும்போது 6 முதல் 8 மில்லிமீற்றர் இடைவெளியை நீலமாகத் தாண்ட வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால் மின்சாரத்தைத் தொட்டு விலகும் முனைகளால் வெட்டும் பழைய பொயின்ட் வகை மோட்டரில் பொயின்டைச் சுத்தம் செய்தாலே போதுமாக இருக்கலாம். சிடிஐ மோட்டரில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி இல்லையென்றால் அது கொயிலா, பெட்டியா, ப்ளைவீலுக்குக் கீழே இருந்து தீப்பொறிக்கு நேரம் சொல்லும் பல்சரா என்று அங்கே நின்று கண்டுபிடிக்க முடியாது. மிக விலைகூடிய பாகம்தான் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மண்ணெண்ணெய் மோட்டர் மலைக்கு ஏற்றதா?

கடற்கரையில் அது சிக்கனம். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓடும் தொழிலுக்காகச் செய்தது. நீர்த்தேக்கத்தில் ஓட்டம் குறுகியது, பாதி நேரம் மெதுவோட்டம். குளிர்ந்த காற்றில், குளிர்ந்த தண்ணீரில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் பிளக்கை நனைக்கும். வேறு வழியில்லையென்றால் ஒழிய மலைநாட்டுக்கு அதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அதைவிடக் கெடுதலானது, பெற்றோல் மோட்டருக்கு மண்ணெண்ணெய் கலந்து கொடுத்து ஓட்டியது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு, பெற்றோல் மோட்டரின் அழுத்தத்தில் அது நேரத்துக்கு முன் வெடிக்கும், பிஸ்டன் விளிம்பு பொரிந்துபோகும். தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள், காபரேட்டரின் அடி ஸ்க்ரூவை இளக்கி வரும் துளியையும் மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை ஒளியாது.

பரலில் ஓட்டுதல்

தண்ணீரில்லாமல் 'ஒரு செக்கன்' ஸ்டார்ட் பண்ணிக் காட்டவும் விடாதீர்கள், இம்பெலரின் ரப்பர் உலர்ந்து சுற்றினால் எரியும். 200 லீற்றர் பரலில், புரொபெல்லருக்கு மேலிருக்கும் அந்தக் கிடையான தகட்டுக்கு மேலே நாலைந்து அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். மரச்சட்டத்தில் மோட்டரை இறுகப் பூட்டுங்கள். எரிபொருள் குழாயின் பம்ப் உருண்டையை அழுத்தும்போது இறுகிக் கல்லாக வேண்டும். இறுகாவிட்டால் எங்கோ காற்றுப் புகுகிறது, இறுகியபின்னும் காபரேட்டரிலிருந்து வழிந்தால் மிதவை ஊசி மூடவில்லை.

சோக் இழுத்து நாலைந்து இழுவைக்குள் பற்ற வேண்டும். பற்றியதும் பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். மெலிந்து வந்தால் அந்தத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், சில நேரம் குளவிக்கூடு அல்லது உப்புக்கட்டிதான். கம்பி விட்டும் மாறாவிட்டால் இம்பெலர் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே உப்பு பாதையை அடைத்திருக்கிறது. முதலாவது சின்ன வேலை, இரண்டாவதுக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

இங்கே மலைத்தண்ணீர் ஒரு பொய் சொல்லும். நுவரெலியாவில் விடியற்காலைத் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதால் பாதி அடைத்த மோட்டரும் ஐந்து நிமிடத்துக்குச் சூடாகாது. குறைந்தது 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஹெட்டில் தண்ணீர்த் துளி தெளித்தால் 'சுர்' என்று பொரியக்கூடாது. பரலில் வேகத்தைக் கூட்ட வேண்டாம், புகையும் குமிழியும் பம்ப்பில் ஏறி இல்லாத கோளாறைக் காட்டும்.

நிறுத்தும்போது பாதுகாப்புக் கயிற்றை இழுத்து நிறுத்துங்கள். அது வேலைசெய்யாத மோட்டரோடு தனியாகத் தண்ணீரில் இறங்கக்கூடாது.

படகில் பூட்டிப் பார்த்தல்

பரல் காட்டாத இரண்டு கோளாறுகள் உண்டு, சுமையில் கியர் துள்ளுவதும் புரொபெல்லரின் உள்ரப்பர் வழுக்குவதும். புறப்படும் முன் புரொபெல்லரின் நடுக்குழாயிலிருந்து வெளி உடம்பு வரை நகச்சாயத்தால் ஒரு நேர்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடித் திரும்பியதும் கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் வழுக்கியிருக்கிறது. முன்கியரில் முக்கால் த்ரொட்டில் கொடுத்தபோது 'டக் டக்' என்று கியர் கழன்று விழுந்தால் உள்ளே பிடிக்கும் பற்கள் மழுங்கிவிட்டன.

பிளக் வயரில் சுற்றிவிடும் சின்ன டெக்கோமீற்றர் இருந்தால் முழு வேகச் சுற்றையும் பாருங்கள். பல 15 குதிரைவலு மோட்டர்களுக்கு நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 வரை. எட்டாவிட்டால் மோட்டரைக் குறைசொல்லும் முன் உயரத்தைக் கணக்கில் எடுங்கள்.

உயரத்தின் கணக்கு

ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலு குறையும். விக்டோரியாவின் 438 மீற்றரில் இது பெரிதல்ல. கொத்மலையின் 703 மீற்றரில் கொஞ்சம் தெரியும். காசல்ரீயில் 15 குதிரைவலு மோட்டர் 13.5 அளவில் நிற்கும், நுவரெலியாவின் கிரகரி வாவியில் 12க்குக் கிட்ட வந்துவிடும். 9.9ஆ 15ஆ என்று தயங்குபவர்கள் 15ஐ எடுக்கலாம், பல தயாரிப்புகளில் இரண்டுக்கும் ஒரே பிளொக், எடையும் ஏறக்குறைய ஒன்றே.

வலு குறைவதோடு கலவையும் தடிப்பாகும். காற்று மெலிந்தும் காபரேட்டரில் பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட் பழைய அளவு பெற்றோலையே விடுகிறது. புகை, பிளக் கறுப்பு, மெதுவோட்டத்தில் இருமல் எல்லாம் இதனால் வரலாம், மோட்டரின் பிழையல்ல. நிரந்தரமாக 1,000 மீற்றருக்கு மேல் ஓடப்போகிறதென்றால் மெயின் ஜெட்டை ஓரிரு அளவு சிறிதாக்கலாம், புரொபெல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்தை) ஓர் அங்குலம் குறைத்தால் 200 சுற்று அளவில் மீளும். ஜெட்டைச் சிறிதாக்கினால் மூடியின் உள்பக்கத்தில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். அதே மோட்டரை யாராவது கீழே திருகோணமலைக்குக் கொண்டுபோய் ஓட்டினால் பெற்றோல் பற்றாது. இந்த வகையில் ஒயிலும் பெற்றோலோடுதான் வருவதால் அதுவும் பற்றாது, பிஸ்டன் இறுகும்.

விலையும் ஏற்றிவருதலும்

இம்பெலர், பிளக், காபரேட்டர் கிட், எரிபொருள் குழாய், ஸ்டார்ட் கயிறு, சீல்கள் ஆகியவற்றை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்று கணக்குப் போட்டு விலையிலிருந்து கழியுங்கள். சீலிலும் பெயரிங்கிலும் இலக்கம் அடித்திருக்கும், பெரும்பாலானவை கண்டி, ஹட்டன் பெயரிங் கடைகளிலேயே கிடைக்கும். பிளொக் வெடிப்பு, ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லாமை, கியர்ப் பெட்டி உடைவு, இறங்காத கால் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் உதிரிப்பாகத்துக்கான விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கத்தை எழுதவைத்து, விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டா லொறியில் ஏற்றும்போது காபரேட்டரிலுள்ள எரிபொருளை வடித்துவிட்டு, முடிந்தால் மரச்சட்டத்தில் நிமிர்த்திக் கட்டுங்கள். கிடத்தித்தான் ஆகவேண்டும் என்றால் தலைப்பக்கத்துக்குக் கீழே பழைய டயர் வைத்து, கால்பக்கத்தை விட உயர்த்துங்கள். கினிகத்தேனை வளைவுகளில் லொறி குலுங்கும்போது காலுக்குள் தங்கிய தண்ணீர் எக்ஸோஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்காமலிருக்க அதுதான் வழி. வீட்டுக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றி, ஒரு முறை கயிற்றை இழுத்து, தண்ணீர் தெறிக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி டிசி-டபிள்யூ3 ஒயில் விட்டு மூடிவையுங்கள்.